ஒப்புக்கொண்டால்தான் வழக்கறிஞரா?



இரவு பத்து மணி. தாமான் மேடானில் ஒரு தாய்க்குத் தொலைபேசி வருகிறது. மகன் பெட்டாலிங் ஜெயா போலீஸ் காவலில் இருக்கிறான். காலையில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள். வழக்கறிஞர் வைக்கக் கையில் காசில்லை. "ஒப்புக்கொண்டு விடப்பா, சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடலாம்" என்கிறார் தாய். நம் குடும்பங்களில் இது புதிய கதையா?

சட்டமும் ஏறக்குறைய அதையேதான் சொல்லி வந்தது. நம் நாட்டில் சட்ட உதவிப் பிரிவு 1970இல் தொடங்கியது. அதற்கான சட்டம் 1971இல் வந்தது. மணவிலக்கு, ஜீவனாம்சம் போன்ற வழக்குகளில் ஏழைகளுக்கு அது பெருந்துணை. ஆனால் குற்றவியல் வழக்குகளில் பெரியவர்களுக்குக் கிடைத்த உதவி மிகக் குறைவு. பெரும்பாலும், குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைக்கும்படி முறையிடுவதற்கே வழக்கறிஞர் கிடைத்தார். 'நான் செய்யவில்லை' என்றவருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களே அவருக்குக் கைகொடுத்தன.

இந்தக் குறையைப் போக்கவே 2011இல் தேசிய சட்ட உதவி அறவாரியம் அமைந்தது. 2012இல் சேவை தொடங்கியது. கைது, தடுப்புக் காவல், ஜாமீன், விசாரணை ஆகிய கட்டங்களில் மலேசியருக்கு வழக்கறிஞர் உண்டு என்ற நிலை பிறந்தது. அப்போது ஆண்டு வருமான வரம்பு 36,000 வெள்ளி, அதாவது மாதம் 3,000. ஓவர்டைம் சேர்த்து 3,100 வாங்கும் லோரி ஓட்டுநர் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவார். ஆனால் சொந்தமாக வழக்கறிஞர் வைக்க அந்தச் சம்பளம் போதுமா?

நாடாளுமன்றத்தில் சட்ட உதவித் திருத்தங்கள் விவாதிக்கப்படும்போது நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். யாருக்கு உதவி, எந்த வழக்கிற்கு, எந்த வரம்பு வரை? ஒரு வரி மாறினால் ஒரு குடும்பத்தின் கதி மாறும். 2017ஆம் ஆண்டுத் திருத்தம், பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட சிறாருக்குச் சட்டத் துணைவரைத் தந்தது. விவாதம் வீண்போகவில்லை என்பதற்கு அது சான்று.

ஆனால் உரிமை ஏட்டில் இருந்தால் போதாது, நேயர்களே. கைதானவர் வழக்கறிஞரைக் கலந்து பேசலாம் என்கிறது அரசியலமைப்பின் 5ஆவது விதி. 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பதும் அங்கேதான் உள்ளது. 2007இல் நடப்புக்கு வந்த திருத்தப்படி, விசாரிக்கும் முன் உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ள வாய்ப்புத் தர வேண்டும். இதற்குச் சில விலக்குகளே உண்டு.

எனவே அந்தத் தாய் மகனிடம் முதலில் சொல்ல வேண்டியது, "ஒப்புக்கொள்" என்பதல்ல. "வழக்கறிஞர் வேண்டும் என்று கேள்" என்பதே. இன்றிரவே நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.