சுவர் தருவோர் யார்?

(ஊர்ச் சனசமூக நிலையமொன்றில் இளம் ஓவியர்களின் காட்சியைத் திறந்துவைத்து ஆற்றப்பெற்ற உரை)



இம்மண்டபத்துக்கு நாம் பலமுறை வந்திருக்கின்றோம். காணிப் பிணக்கைப் பேச வந்திருக்கின்றோம். உரவிலையைப் பேச வந்திருக்கின்றோம். வாக்குக் கேட்டும் வந்திருக்கின்றோம். இன்று வாங்குகள் முற்றத்துக்குப் போய்விட்டன. பத்திரிகை மேசை மூலையில் ஒதுங்கி நிற்கின்றது. பதினொரு பேர் வரைந்த முப்பத்திரண்டு படங்கள் சுவரில் தொங்குகின்றன. அப்பதினொருவருள் எண்மர் தம் படத்தைப் பிறர் காண வைப்பது இதுவே முதற்றடவை என்று செயலாளர் கூறினார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தித்தாள் வாசித்த இடம் ஒரே இரவில் ஓவியக்கூடம் ஆகுமென்றால், இத்தனை காலமும் ஆகாதிருந்ததற்குக் காரணம் யாது?

கட்டடம் இல்லை என்பார்கள். யாழ்ப்பாண நகரிலே 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்ட பண்பாட்டு மையம் நிற்கின்றது. இந்தியா அளித்த நன்கொடை அது. பதினொரு மாடி, அறுநூறு பேர் அமரும் அரங்கு. நன்றி மறவோம். 2025 சனவரியில் அதற்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டபோது, யாழ்ப்பாணம் என்னும் பெயர் விடுபட்டதே என்று நாமெல்லாரும் கொதித்தெழுந்தோம். பின்னர் அப்பெயரும் சேர்க்கப்பட்டது. நல்லது. ஆனால் பெயர்ப்பலகைக்காக அத்தனை சூடாக வாதாடிய நம்மில் ஒருவரேனும், முதன்முதலாகப் படம் கொண்டுவரும் ஊர்ப்பிள்ளைக்கு அங்கே ஆண்டில் எத்தனை நாள் சுவர் கிடைக்கும் என்று கேட்டோமா? நாமும் கேட்கவில்லை. அக்குற்றத்தை ஒப்புக்கொண்டே பேசுகின்றோம்.

கட்டடம் எதுவும் இல்லாத காலத்திலேதான் யாழ்ப்பாணத்தில் ஓவியம் தழைத்தது என்பதை எண்ணிப் பாருங்கள். சென்ற நூற்றாண்டின் முப்பதுகளின் இறுதியில் எஸ். ஆர். கனகசபை அவர்கள் வின்சர் ஓவியக் கழகத்தை நிறுவினார். ஐம்பதுகளில் பெனடிக்ற் அவர்கள் விடுமுறைக்கால ஓவியர் கழகத்தைத் தொடங்கினார். பெயரே அதன் வரலாற்றைச் சொல்லிவிடுகின்றது: பள்ளிக்கூடம் மூடிய நாளிலேதான் ஆசிரியருக்குத் தூரிகை பிடிக்க நேரம். அவ்வழியில் வந்த ஆ. மாற்கு அவர்கள் தாம் வரைந்ததோடு அமையாது, பிள்ளைகள் பலருக்குக் கற்பித்து ஒரு தலைமுறையையே ஆக்கிவிட்டு 2000ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய படங்களிற் பல போரிலும் இடப்பெயர்விலும் அழிந்துபோயின. ஒருவருடைய வாழ்நாள் உழைப்பு ஒரு வீட்டுக்குள்ளேயே இருந்தால், அவ்வீட்டுக்கு வரும் கேடு அவ்வுழைப்பு முழுவதற்கும் வந்துவிடுகின்றது. ஊர் வாங்கி நான்கு இடங்களில் வைத்திருந்தால் சிலவேனும் எஞ்சியிருக்கும்.

கொழும்பிலே 1943இல் ஓவியர் சிலர் கூடி '43 குழு' என்ற பெயரில் தம் படங்களைத் தாமே காட்சிக்கு வைத்தனர். அவர்களை ஒன்றுகூட்டிய லயனல் வென்ற் சட்டம் பயின்றவர். ஆயினும் வழக்கைவிடப் பியானோவும் புகைப்படமுமே அவருக்கு உவப்பாயின. (எம் தொழிலுக்கு அது பெரிய நட்டமன்று.) அவர் 1944இல் மறைந்தபின், அவர் பெயரால் எழுந்த அரங்கு 1953இல் திறக்கப்பட்டது. முதலிற் கூடியது குழு. பின்னரே எழுந்தது கூரை.

இனிக் கமக்காரப் பெரியோர் சிலரின் மனத்திலுள்ள கேள்விக்கு வருவோம். வெங்காயம் விலைப்படாத காலத்தில் படம் எதற்கு என்பதுதானே அது? நியாயமான கேள்வி. ஆனால் தேருக்கு மரம் வந்தபோதும், வாகனத்துக்கு வர்ணம் பூசியபோதும் இக்கேள்வியை ஊரில் யாரும் கேட்டதில்லை. பஞ்சத்திலும் விதை வெங்காயத்தைத் தனியே கட்டித் தூக்கிவைப்பவர்கள் நீங்கள். அதனை எடுத்துக் கறிக்குப் போடுவோமா?

சட்டத்தரணி என்ற முறையில் எமக்கு வேறொரு காரணமும் உண்டு. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் நம் காணிகளைப் பதிந்த ஏட்டுக்குத் தோம்பு என்று பெயர். இன்றும் உறுதிகளிலே அச்சொல்லை நாம் எழுதுகின்றோம். ஓவியர் தா. சனாதனன் அவர்கள் 2011இல் 'முற்றுப்பெறாத தோம்பு' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு நூலை வெளியிட்டார். இடம்பெயர்ந்த மக்கள், தாம் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து தாமே கீறிக் கொடுத்தனர். அதனைக் கட்டடக்கலைஞர் முறைப்படி வரைய, ஓவியர் தம் ஓவியத்தைச் சேர்த்தார். கிணறு எங்கே, வாசற்படி எங்கே என்பதெல்லாம் அதிலே உண்டு. உறுதி தொலைந்து, எல்லைவேலி அழிந்து எம்மிடம் வந்த கட்சிக்காரர் எத்தனை பேர்! அவர்களிடம் நாம் கேட்டது நொத்தாரிசின் பெயரையும் பரப்புக் கணக்கையுமே. வீடு எப்படி இருந்தது என்று கேட்டதில்லை. அதனைக் கேட்டவர் ஓர் ஓவியர்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும், பெயர் கூறமாட்டோம். இளம் ஆசிரியை ஒருவர் தாம் வரைந்த படமொன்றை ஒரு வர்த்தகருக்கு விற்றார். அடுத்த தை மாதம் அப்படமே அவருடைய கடை நாட்காட்டியாக ஊரெங்கும் தொங்கியது. வரைந்தவர் பெயர் இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படத்தை வாங்கியவர் அதனை அச்சிடும் உரிமையை வாங்கியவராகார். அவ்வுரிமை எழுத்தில் கைமாறாவிடின், வரைந்தவரின் ஆயுளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் அவர் பக்கமே நிற்கும். வழக்கு நம் பக்கமே என்று உற்சாகத்தோடு சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "ஐயா, என்ரை படத்தைக் காசு குடுத்து வாங்கின ஒரே ஆள் அவர்தான்" என்றார். கடிதம் எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார். சட்டப் புத்தகத்தை மூடிவைத்தோம். வாங்குவோர் ஒருவரே இருக்கும் சந்தையில் உரிமை என்ன செய்யும் என்பது புகையிலை விற்றவர்களுக்குத் தெரியும்.

ஆகவே இந்நிலையத்தின் நிர்வாக சபைக்கு எம் வேண்டுகோள் இது. அறுவடை முடிந்து கை ஓயும் பங்குனியிலே, ஆண்டுதோறும் இருபது நாள் இம்மண்டபத்தை வாடகையின்றி ஓவியத்துக்கு விடுங்கள். அதனைப் பிரமாணமாக எழுதி யாப்பிலே சேருங்கள்; செயலாளர் மாறினாலும் அது மாறலாகாது. படங்களைத் தெரிவோரில் ஒருவர் அயலூர்ச் சித்திர ஆசிரியராக இருக்கட்டும். மருமகன் படமென்று ஒன்று முன்னே வராது. சுவரிற் பாதி, முன்னர் எங்கும் காட்சிக்கு வைக்காதவர்களுக்கு.

செலவுக்குப் புதுவழி தேடவேண்டுவதில்லை. திருவிழா நடத்தும் முறை நம்மிடம் இருக்கின்றது. ஒரு நாளை ஒரு குடும்பம் உபயமாக ஏற்கட்டும்: விளக்கு, தேநீர், அன்று சுவரிலுள்ள ஒரு படத்தின் விலை. தனித்து இயலாதவர் நால்வராகச் சேரட்டும். வாங்கிய படம் பள்ளிக்கூடத்திலோ, சங்கக் கடையிலோ, வைத்தியசாலையில் நோயாளர் காத்திருக்கும் விறாந்தையிலோ தொங்கட்டும். வைத்தியர்களும் பொறியியலாளர்களும் சட்டத்தரணிகளும் தம் வீட்டுச் சுவரையும் ஒருமுறை பார்க்க வேண்டும். எம் வீட்டு விறாந்தையில் பதினைந்து ஆண்டுகளாகச் சுவிற்சர்லாந்து மலையொன்று தொங்குகின்றது. அங்கே நாம் போனதுமில்லை.

விற்கும்போது இரட்டைப் பிரதியில் ஒரு துண்டு எழுதுங்கள்: படம் விற்கப்பட்டது, அச்சுரிமை விற்கப்படவில்லை, காட்சிக்குக் கேட்டால் இரவல் தரப்படும். அவ்வளவே; வாசகத்தை நாம் இலவசமாக எழுதித் தருவோம். ஒவ்வொரு படத்தையும் ஒளிப்படம் பிடித்து, அளவும் ஆண்டும் குறித்து ஒரு பதிவேட்டில் ஒட்டுங்கள். அதன் பிரதியொன்று வேறு ஊரில் இருக்கட்டும். 1981இல் பொதுநூலகம் எரிந்ததைக் கண்ட மக்களுக்கு இதன் காரணத்தை விளக்கவேண்டியதில்லை.

பேச்சு நீண்டுவிட்டது. முன்வரிசையிலுள்ள ஒரு சிறுமி, தான் வரைந்த மாட்டுவண்டியை நாம் எப்போது பார்க்கப்போகின்றோம் என்று ஏற்கெனவே இருமுறை கேட்டுவிட்டாள். உபயகாரர் பெயர் எழுதும் ஏடு வாசலண்டை மேசையில் இருக்கின்றது. முதல் நாளை நாம் எழுதிவிட்டோம். பத்தொன்பது நாள் இருக்கின்றன.