உடனுக்குடன் அறிதலும் உடனுக்குடன் அழித்தலும்



இக்கருத்தரங்கிற்குத் தலைமை வகிக்கும் கௌரவத்தை எனக்கு அளித்தவர்கள், என்னினும் பன்மடங்கு இத்துறையில் உழைத்தவர்கள் முன்வரிசையிலேயே வீற்றிருப்பார்கள் என்பதை முன்கூட்டித் தெரிவித்திருந்தால், நான் இணங்குவதற்குச் சற்றுத் தயங்கியிருப்பேன். இனித் தயங்குவதற்கு அவகாசமில்லை ஆகையால், அவர்களுடைய பொறுமையை நம்பித் தொடங்குகிறேன். தரையிலுள்ள காமாக் கதிர்த் தொலைநோக்கிகளில் தரவுகளை உடனுக்குடன் ஆராய்தல் என்பது நமக்கு விதிக்கப்பட்டுள்ள பொருள். செரென்கோவ் ஒளி சில நானோவினாடிகளே நீடிப்பது என்பதையும், அவ்வொளியை எழுப்பும் காற்றுப் பொழிவுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுகூடக் காமாக் கதிரால் விளைந்ததாக இருப்பது அரிது என்பதையும், எஞ்சியவை அண்டக் கதிர்களின் ஆரவாரமே என்பதையும் இந்தச் சபையில் விரித்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும்.

வேகத்தின் மகிமையை மறுக்க நான் இங்கு வரவில்லை. 2019 ஜனவரி 14 அன்று ஸ்விஃப்ட் விண்கலம் கண்டு அறிவித்த காமாக் கதிர் வெடிப்பை நோக்கி, லா பால்மா தீவிலுள்ள மாஜிக் தொலைநோக்கிகள் ஏறத்தாழ ஒரு நிமிஷத்துக்குள் திரும்பின. அங்கேயே ஓடிக்கொண்டிருந்த ஆய்வு நிரல் முதல் இருபது நிமிஷத்திலேயே சந்தேகத்துக்கு இடமில்லாத சமிக்ஞையைக் காட்டிற்று. சில மணி நேரத்துக்குள் உலகத்து வானாராய்ச்சியாளர் அனைவருக்கும் செய்தி எட்டிவிட்டது. அதற்கு ஆறு மாதம் முன்பே, 2018 ஜூலையில், நமீபியாவிலுள்ள ஹெஸ் தொலைநோக்கிகள் வேறொரு வெடிப்பின் எச்ச ஒளியைப் பத்து மணி நேரம் கழித்துப் பார்த்துப் பதிவு செய்திருந்தன. ஆயினும் அந்தச் செய்தி வெளியுலகுக்கு வந்தது 2019இல்தான். இரண்டு கண்டுபிடிப்புகளும் அவ்வாண்டு நவம்பரில் ஒரே நேச்சர் இதழில் அடுத்தடுத்து அச்சாயின என்றாலும், முதலில் வந்த ஒளியும் முதலில் வந்த செய்தியும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். செரென்கோவ் தொலைநோக்கி வரிசை எனப்படும் புதிய நிலையம், கடைசித் தரவு வந்த முப்பது வினாடிக்குள் எச்சரிக்கை பிறக்க வேண்டும் என்று தனக்கே விதி வகுத்துக்கொண்டிருப்பதும் நியாயமே. இதன் நுட்பங்களைப் பிற்பகல் அமர்வுகளில் வல்லவர்கள் பேசுவார்கள். அவர்களுடைய நேரத்தை நான் கவர்ந்துகொள்ள விரும்பவில்லை.

நான் பேச விரும்புவது வேறு. உடனுக்குடன் அறிவிப்பதும் உடனுக்குடன் அழிப்பதும் இருவேறு காரியங்கள்; சௌகரியம் கருதி நாம் அவ்விரண்டையும் ஒரே நிரலின் கையில் ஒப்படைத்துவிட்டோம் என்பதே என் குற்றச்சாட்டு.

பூர்வபட்சத்தை முதலில் நேர்மையாகவே சொல்லிவிடுகிறேன். அந்த வரிசைக்கென லா பால்மாவில் 2018 அக்டோபரில் திறக்கப்பெற்ற 23 மீட்டர் தொலைநோக்கியின் கேமராவில் 1855 பிக்சல்கள். ஒவ்வொன்றிலும் நானோவினாடிக்கு ஒன்றாக 40 மாதிரிகள், அதுவும் இருவகைப் பெருக்கத்தில். மாதிரிக்கு இரண்டு பைட் என்று கொண்டால் ஒரு நிகழ்வுக்கு மூன்று லட்சம் பைட் ஆகிறது. வினாடிக்கு ஐயாயிரம் நிகழ்வுகள் வந்தால் எட்டு மணி நேர இரவொன்றில் நாற்பது டெராபைட்டைத் தாண்டும். ஒற்றைத் தொலைநோக்கியின் கணக்கு இது. வரிசை முழுவதற்கும் என்ன ஆகும் என்பதைச் சபையோரே ஊகிக்கலாம். இவ்வளவையும் மலையுச்சியிலிருந்து இறக்கிச் சேமித்துப் பேணுவது இயலாத காரியம், ஆகவே ஒளி படாத பிக்சல்களை அப்போதைக்கப்போதே நீக்கிவிட வேண்டும், பயனற்ற நிகழ்வுகளையும் கழித்துவிட வேண்டும் என்று மறுதரப்பார் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் பயனற்றது எது என்று முப்பது வினாடிக்குள் தீர்ப்புச் சொல்லத்தக்க நீதிபதி யார்? அந்த நிரல் கையாளுவது தோராயமான அளவுத்திருத்தம். அன்றைய காற்று மண்டலத்தின் தெளிவை லிடார் என்னும் லேசர் அளவுகருவி முழுமையாகச் சொல்லி முடிக்குமுன்பும், பிரகாசமான நட்சத்திரம் ஒன்று எந்தப் பிக்சல்களைக் கெடுத்தது என்று ஒருவர் உட்கார்ந்து பார்க்குமுன்பும் அது முடிவு கட்டிவிடுகிறது. எச்சரிக்கைக்கு அந்தத் தோராயம் போதும், ஏனெனில் தவறான எச்சரிக்கையை மறுநாள் திரும்பப் பெறலாம்; அழித்ததைத் திரும்பப் பெற முடியாது.

பின்னணி இரைச்சல் என்று நாம் கழித்தவையே பௌதிகமாகத் திரும்பி வந்த வரலாற்றை இத்துறையினர் இவ்வளவு விரைவில் மறந்தது எனக்கு வியப்பே. வேறு பொருள்களை நோக்கிய இரவுகளின் சேமிப்பிலிருந்தே ஹெஸ் குழுவினர் 2008இல் அண்டக் கதிர் எலக்ட்ரான்களின் நிறமாலையை வடித்தெடுத்தனர். அதற்கு முந்திய ஆண்டு, ஹாட்ரான் என்று முத்திரையிட்டு ஒதுக்கப்படும் படங்களிலேயே, பொழிவு தொடங்குமுன் இரும்பு அணுக்கரு தானே உமிழ்ந்த ஒளியை அடையாளம் கண்டு, இரும்பின் அளவைக் கணித்தனர். மியூவான் வளையங்களின் கதை இன்னும் சுவையானது. ஒரு மியூவானின் ஒளி ஒரே கண்ணாடியின் மேல் விழுவது. ஆகவே, இரண்டு தொலைநோக்கிகள் ஒருங்கே கண்டால்தான் ஏற்பது என்ற ட்ரிகர் விதி அதைத் தயக்கமின்றித் தள்ளிவிடுகிறது. ஆனால் அந்த வளையத்தின் வடிவத்தைக் கொண்டே அதிலிருந்து வரவேண்டிய ஒளியின் அளவைக் கணக்கிட முடியும் ஆதலால், தூசு படிந்து மங்கிவரும் கண்ணாடியின் உண்மைத் திறனை அளக்க அதைவிட நம்பகமான துணை நமக்குக் கிடையாது. மியூவான்களைத் தனியே குறித்துக் காப்பாற்ற வேண்டும் என்ற ஏற்பாடு புதிய நிலையத்தில் விசேஷமாகச் செய்யப்பட்டிருப்பது, தள்ளும் விதி தன்னைத்தானே திருத்திக்கொள்ளாது என்பதற்குப் போதிய சாட்சி.

இவ்விடத்தில் ஒரு பழைய வழக்கையும் தொடாமல் போக என் மனம் ஒப்பவில்லை. நம் உதகமண்டலத்தில் டாடா ஆராய்ச்சி நிலையத்தார் பல்சார்களை நோக்கிச் செரென்கோவ் கண்ணாடிகளைத் திருப்பிய காலத்தில், நண்டு பல்சாரிலிருந்து 1985ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழக் கால் மணி நேரம் மிகுஆற்றல் காமாக் கதிர்கள் பீறிட்டன என்று 1986இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அந்த அறிக்கையைப் புன்னகையோடு குறிப்பிட்டு அப்பால் செல்வது நம்மிடையே ஒரு நாகரிகமாகவே இருந்து வந்திருக்கிறது. அப்படிப் புன்னகைத்தவர்களுள் சிலர் என் மதிப்புக்குரிய நண்பர்கள், ஒருவர் இங்கேயே இருக்கிறார். அது மெய் என்று வாதிட நான் முற்படவில்லை. அத்தகைய பீறிடுதலைப் பின்னர் வந்த நுண்ணிய கருவிகள் மீண்டும் காணவில்லை என்பதையும் நான் அறிவேன். ஆனால் அப்பல்சாரைச் சூழ்ந்த நண்டு நெபுலா மாறாத விளக்கு என்று நாம் கொண்டிருந்த துணிபு, அஜிலே, பெர்மி விண்கலங்கள் தாழ்ந்த ஆற்றலில் கண்ட திடீர்ச் சுடர்களால் பிற்காலத்தில் தளர்ந்துபோன பிறகும், உதகைப் பதிவை மட்டும் ஏளனத்துக்கு உரியதாக வைத்திருப்பது தருமமாகுமா? உண்மை இதுதான்: அக்காலக் கருவி படம் பிடிப்பதன்று, துடிப்பையும் நேரத்தையும் குறித்ததே ஒழியப் பொழிவின் உருவத்தைக் குறிக்கவில்லை. ஆகவே அன்று கண்டதை இன்று நிலைநாட்டவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை. ஹில்லாஸ் 1985இல் லா ஹோயா மாநாட்டில் படங்களின் அகலத்தையும் நீளத்தையும் கொண்டு காமாவைப் பிரிக்கும் முறையை முன்வைத்தார்; அம்முறையால் 37 பிக்சல் கேமராவோடு விப்பிள் குழுவினர் 1989இல் நண்டு நெபுலாவைக் காமாக் கதிர் மூலமாக ஐயமற நிறுவியது, ஒவ்வொரு படத்தையும் நாடாவில் வைத்திருந்தமையால் சாத்தியமாயிற்று. உதகையாருக்குக் கருவி மறுத்த வாய்ப்பை, எல்லா வாய்ப்பும் பெற்ற நாம் நம் கையாலேயே மறுத்துக்கொள்கிறோம்.

பின்னணிக்கு எதிர்காலம் கிடையாது என்ற கருத்துப்பட அரிய நண்பர் ஒருவர் எழுதியிருப்பதை நான் பயபக்தியோடு படித்திருக்கிறேன். மியூவானையும் இரும்பையும் எலக்ட்ரானையும் அவர் எந்தப் பத்தியில் சேர்ப்பார் என்பதை மாத்திரம் தெரிந்துகொள்ள ஆவலாயிருக்கிறேன்.

லடாக்கின் ஹான்லேயில், கடல்மட்டத்துக்கு 4,200 மீட்டருக்கு மேல், 21 மீட்டர் கண்ணாடியும் 1088 பிக்சல்களும் கொண்ட மேஸ் தொலைநோக்கி 2024 அக்டோபரில் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. அதன் தரவுகளோடு வாழப்போகும் இளைஞர்கள் இந்த அவையில் இருப்பதால், என் கோரிக்கையை அவர்களிடமே வைக்கிறேன். உடனடி நிரல் அறிவிக்கட்டும். அழிக்கும் உரிமை முழு அளவுத்திருத்தம் முடிந்த பிறகே, வேறொரு கையால், பிரயோகிக்கப்படட்டும். தள்ளப்பட்ட நிகழ்வுகளிலும் நூற்றுக்கு ஒன்றையேனும், தேர்ந்தெடுக்காமல், எல்லா மாதிரிகளோடும் அப்படியே காப்பாற்றி வையுங்கள். இன்றும் நாளையும் கட்டுரை படிக்கும் ஒவ்வொருவரும், தம் நிரல் எத்தனை நிகழ்வுகளை எந்த விதியின்படி நீக்கிற்று என்பதை முதற்பக்கத்திலேயே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.