பாட்டு டிஸ்க்கை மாற்றும்போது: காப்பி போடுங்கள், கட் பண்ணாதீர்கள்

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

போன கூட்டம் முழுக்கத் தண்ணீர் லாரி விஷயத்திலேயே போய்விட்டது. இன்று பத்து நிமிடம் எனக்கு என்று செயலாளர் சார் உறுதி கொடுத்திருக்கிறார். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் பாட்டுகளைப் புதிய டிஸ்க்குக்கு எப்படி மாற்றுவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, பி.காம். முடித்துவிட்டு பேங்க்கில் கிளார்க்காகவே ரிடையர் ஆனவன். ஆனால் இதில் ஒருமுறை நன்றாக அடிபட்டிருக்கிறேன்.

என் அம்மா வெள்ளிக்கிழமைகளில் வடிவுடை மாணிக்கமாலை பாடுவார். நம் திருவொற்றியூர் அம்மன் மேல் வள்ளலார் பாடியது. 1986-ல் அதை ஒரு அறுபது நிமிட கேசட்டில் பதிந்தேன். அப்போது டோல்கேட்டில் மெயின் ரோட்டை ஒட்டிய வீடு. நடுநடுவே ஹார்பர் லாரிகளின் ஹாரனும் விழுந்திருக்கும். பிறகு அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தேன். 2014-ல் புதிய டிஸ்க் வாங்கியதும், எல்லாப் பாட்டையும் மொத்தமாக 'கட்' கொடுத்து 'பேஸ்ட்' செய்தேன். பாதியில் கரண்ட் போனது. வந்த பிறகு பார்த்தால் பழைய டிஸ்க்கில் அம்மா பாட்டு இல்லை. புதியதில் பெயர் மட்டும் இருக்கிறது; அளவு 0 கே.பி.

'கட்' கொடுத்தால் ஒவ்வொரு ஃபைலாகப் புதியதில் எழுதி, பழையதில் அழித்துக்கொண்டே போகும். எழுதியாகிவிட்டது என்று கம்ப்யூட்டர் நினைக்கும். உண்மையில் அது இன்னும் தற்காலிக நினைவகத்திலேயே நிற்கலாம். அந்த நேரத்தில் கரண்ட் போனால் இரண்டு பக்கமும் இல்லை. ஒரு கணக்கில் பற்று எழுதிவிட்டு, மறு கணக்கில் வரவு வைப்பதற்குள் லெட்ஜரே காணாமல் போன மாதிரி.

அதற்குமேல் நான் செய்த தப்பு, பதற்றத்தில் அதே பழைய டிஸ்க்கில் வேறு எதையெதையோ ஏற்றிப் பார்த்தது. அழிந்த ஃபைல் உடனே மறைந்துவிடாது; அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை மீட்க வாய்ப்பு உண்டு. உங்களுக்கு இப்படி நடந்தால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, மீட்டுக் கொடுப்பவரிடம் எடுத்துப் போங்கள்.

நல்ல வேளை, கேசட்டைத் தூக்கிப் போடவில்லை. முதல் பக்கம் ஓடியது. இரண்டாம் பக்கத்தில் டேப் சிக்கி அறுந்துவிட்டது. பாதி மாலைதான் கிடைத்தது.

இப்போது நான் செய்யும் முறை இதுதான். 'காப்பி' மட்டும்தான், 'கட்' கிடையாது. டெஸ்க்டாப் என்றால் யு.பி.எஸ். இல்லாமல் ஆரம்பிப்பதில்லை. யு.எஸ்.பி. துளையின் உள்ளே நீல நிறம் இருந்தால் பெரும்பாலும் அது 3.0. பழைய 2.0 துளையில் செருகினால் 200 ஜி.பி. பாட்டுக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகும். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், ஆனால் வயரில் பேரப்பிள்ளைகள் கால் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் டேலி செய்யுங்கள். இரண்டு ஃபோல்டரிலும் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' பாருங்கள். ஃபைல் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். 'சைஸ்' என்ற வரியில் பைட் கணக்கு கடைசி இலக்கம்வரை ஒத்துப்போக வேண்டும். அதற்குக் கீழே 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று இன்னொரு வரி இருக்கும்; அது வேறுபட்டால் பயப்பட வேண்டாம், இரண்டு டிஸ்க்கும் இடத்தைப் பிரித்து வைக்கும் விதம் வேறு. எங்கள் பி பிளாக் நண்பர் ஒருவர் இந்த வரியைப் பார்த்துவிட்டு மூன்று முறை காப்பி போட்டார். கடைசியாக, ஆடிட்டர் டெஸ்ட் செக் செய்கிற மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபது பாட்டை முழுசாகக் கேளுங்கள்.

பாட்டு எல்லாம் வந்தும் பிளேலிஸ்ட் ஓடவில்லை என்று சிலர் சொன்னீர்கள். பிளேலிஸ்ட்டில் பாட்டு இருக்காது, பாட்டின் விலாசம்தான் இருக்கும். பழைய டிஸ்க் 'ஈ' டிரைவாகவும் புதியது 'எஃப்' ஆகவும் இருந்தால் விலாசம் தவறிவிடும். 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'டில் போய்ப் புதியதற்குப் பழைய எழுத்தையே கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

புதியது வந்துவிட்டதே என்று பழையதை அழிக்காதீர்கள். இரண்டையும் ஒரே டிராயரில் வைப்பதும், கேஷ் பெட்டியின் இரண்டு சாவியையும் ஒரே ஆள் இடுப்பில் செருகிக்கொள்வதும் ஒன்றுதான். நம் பக்கம் உப்புக் காற்று, யு.எஸ்.பி. முனை துருப்பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கீழ்த்தளத்து வீடுகளில் தண்ணீர் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். என்னுடைய மூன்றாவது பிரதி சேலத்தில் மகள் வீட்டில் இருக்கிறது. வருடம் இரண்டு முறை அவள் அதைப் போட்டுப் பார்த்து எனக்கு போன் செய்வாள். பென் டிரைவை மட்டும் நம்பி வருடக்கணக்கில் அலமாரியில் போட்டு வைக்காதீர்கள்.

முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' 1931-ல் சென்னையில் திரையிடப்பட்டது. கூட்டம் கூட்டமாகப் பார்த்த படம். இன்று அதன் ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. சினிமாப் பாட்டாவது இன்னொருவரிடம் இருக்கும். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் சித்தப்பா பாடியது உங்களிடம் மட்டும்தான் இருக்கும். அதை முதலில் காப்பி போடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் என் லேப்டாப்போடு இருப்பேன். நீலத் துளை இரண்டுதான் இருக்கிறது, அதனால் ஒரு நேரத்தில் ஒருவர். டிஸ்க் இரண்டையும் அவற்றின் சொந்த வயரோடு கொண்டுவாருங்கள். பழைய கேசட் இருந்தாலும் கொண்டுவாருங்கள், என்னிடம் ஓடுகிற பிளேயர் ஒன்று இருக்கிறது.