லாரிக்கு உள்ள காப்பீடு தறிக்கு ஏன் இல்லை?



என்னைவிடத் தகுதியுள்ள பலர் எதிரே அமர்ந்திருக்க, இந்த அவைக்குத் தலைமை ஏற்பது எனக்குப் பெருமை. உள்ளூரச் சற்று அச்சமும்கூட. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் தொழிற்காய இழப்பீடும் என்பது நமக்குத் தரப்பட்டுள்ள பொருள். 2020இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த அத்தொகுப்பு, 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தைத் தன் ஏழாம் அத்தியாயமாக ஏற்றுக்கொண்டது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நேரும் விபத்தையும் வேலையோடு தொடர்பிருந்தால் சேர்த்துக்கொண்டது. நல்லதுதான். இவற்றைக் கட்டுரையாளர்கள் விரிவாகப் பேசுவார்கள். ஏற்காட்டு மலையடிவாரத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டியில் கூடியிருக்கிற நாம், கீழே விரிந்து கிடக்கும் சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்தே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

நம் துறையினர் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகங்களின் விபத்துப் புள்ளிவிவரங்களை அலசுவதில் தேர்ந்தவர்கள். தொழிலாளர் துணை ஆணையர் இழப்பீட்டு ஆணையராக அமர்ந்து பிறப்பிக்கும் உத்தரவுகளையும், அவற்றின் மேல் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கும் தீர்ப்புகளையும் ஒருசேர வைத்துப் படிப்பவர்கள் குறைவு. படித்தால் ஒன்று கண்ணில் படும். மேல்முறையீடுகளில் பெரிதும் எதிர்ப்படுபவை காப்பீட்டு நிறுவனங்களின் பெயர்கள். காயமுற்றவர் பெரும்பாலும் லாரி ஓட்டுநர், கிளீனர், சுமை ஏற்றுபவர். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓட்டுபவர்களும், சேகோ ஆலையில் கிழங்கு அரைப்பவர்களும் அந்த ஏடுகளில் அரிதாகவே தென்படுகிறார்கள். தறியில் கை அடிபடுவதில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். காரணம் வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 147ஆம் பிரிவு, ஓட்டுநருக்கான இழப்பீட்டுப் பொறுப்பையும் காப்பீட்டுக்குள் கட்டாயமாகக் கொண்டுவந்தது. நாமக்கல், சங்ககிரி லாரிக்குப் பின்னால் பணம் கொடுக்கக்கூடிய ஒரு நிறுவனம் நிற்கிறது. தறிக்கூடத்துக்குப் பின்னால் முதலாளி மட்டும்தான். அவரே பல நேரம் ஈரோட்டு வியாபாரிக்குக் கூலிக்கு நெய்து கொடுப்பவர்.

சட்டத்தில் உரிமை இல்லாமல் இல்லை. ஐந்து பேர் வேலை செய்யும் கூடத்துக்கு எதுவும் பொருந்தாது என்று முதலாளிகள் சொல்வதுண்டு. சில ஆய்வாளர்களும் அதையே எழுதிவிட்டார்கள். பத்துப் பேர் என்ற வரம்பு தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு உரியது. மின்சாரத்தால் இயங்கும் உற்பத்திக் கூடம் என்றால், இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை ஆள் கணக்குக் கேட்டதில்லை. மாதம் 15,000 ரூபாய் ஊதியம் பெறும் 30 வயதுத் தொழிலாளி ஆள்காட்டி விரலை முழுதாக இழந்தால், ஊதியத்தில் 60 சதவீதத்தை வயதுக்குரிய 207.98ஆல் பெருக்கி, அதில் 14 சதவீதம்: ஏறத்தாழ 2,62,000 ரூபாய். இந்த 14 சதவீதம் போதுமா என்று நம் கருத்தரங்குகள் எத்தனையோ முறை வாதிட்டிருக்கின்றன. யாரும் கேட்டுப் பெறாத தொகையின் சதவீதத்தை உயர்த்தி என்ன பயன்?

பாக்கி பற்றிய விவாதத்திலும் இதே இடைவெளிதான். இந்த வட்டாரத் தறிகளில் தொழிலாளி வாங்கும் முன்பணமான பாக்கி, அடிமைத்தளையா, பேரம் பேசும் வலிமையா என்று கேட்ட கீர்ட் டி நேவேயின் 1999ஆம் ஆண்டுக் கட்டுரை அருமையானது. அதற்குப் பின் வந்த நாம் அந்த இரு முனைகளுக்கிடையே நடந்துகொண்டே இருந்தோம். விரல் போன பிறகு அந்தப் பாக்கி என்ன ஆகும் என்ற கேள்வி ஓரத்திலேயே நின்றுவிட்டது. இழப்பீட்டுத் தொகையில் எந்தக் கடனையும் கழிக்கக் கூடாது என்றது 1923 சட்டத்தின் 9ஆம் பிரிவு. உரிமையை விட்டுக்கொடுத்து எழுதும் ஒப்பந்தம் செல்லாது என்றது 17ஆம் பிரிவு. ஆனால் கடன் கொடுத்தவரும் இழப்பீடு தர வேண்டியவரும் ஒரே ஆளாக இருக்கும்வரை, ‘பாக்கியைக் கழித்துவிட்டேன், போய் வா’ என்ற ஒரு வாக்கியம் இரண்டு பிரிவுகளையும் முடக்கப் போதுமானது. பணம் தருபவர் மூன்றாம் ஆளாக இருந்தால்தான் அந்த வாக்கியத்துக்கு வேலை இராது.

நம் நண்பர்கள் இத்துறையின் வரலாற்றை 1884இல் ஜெர்மனியின் பிஸ்மார்க்கிடமிருந்து தொடங்குவது வழக்கம். நாம் பின்பற்றியது அவரையன்று, முதலாளியையே நேரடிப் பொறுப்பாக்கிய 1897ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தை. இங்கிலாந்தே 1946இல் அதைக் கைவிட்டுச் சமூகக் காப்பீட்டுக்கு மாறியது. 1969இல் முதலாளிகளுக்குக் கட்டாயக் காப்பீடும் கொண்டுவந்தது. நாம் இ.எஸ்.ஐ.க்கு வெளியே நின்றவர்களை 1897இலேயே விட்டுவிட்டோம். போபால் நச்சுவாயு விபத்துக்குப் பின் வந்த 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் ஆலைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. உள்ளே வேலை செய்பவரைப் பெயர் சொல்லி விலக்கியது. புதிய தொகுப்பும் இந்த ஓட்டையை அடைக்கவில்லை.

தறிக்கூடங்களுக்கும் கட்டாயக் காப்பீடு வந்தால் முதலாளி அலட்சியமாகிவிடுவார் என்பார்கள். தாமதத்துக்கான அபராதத்தை முதலாளியே ஏற்க வேண்டும், அதைக் காப்பீட்டு நிறுவனத்தின் தலையில் கட்ட முடியாது என்று 1997இல் வேத் பிரகாஷ் கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேலும், விபத்து நேர்ந்த கூடத்துக்குப் பிரீமியம் கூடும். இன்று எதுவும் கூடுவதில்லை. நிறுவனங்கள் வழக்கை இழுத்தடிக்கும் என்பது உண்மையான ஆட்சேபம். லாரி வழக்குகளே அதற்குச் சான்று. ஆனால் விபத்து நாளிலிருந்தே தொகை கடனாகிவிடுகிறது என்ற 1976ஆம் ஆண்டின் பிரதாப் நாராயண் சிங் தேவ் தீர்ப்பால் 12 சதவீத வட்டி ஓடிக்கொண்டிருக்கும். இழுத்தடித்தாவது வரும் பணம், வராத பணத்தைவிட மேல்.

எஞ்சுவது சிறு முதலாளியின் சுமை. இதை நான் இலேசாகத் தள்ளவில்லை. ஆனால் விசைத்தறிகளுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை கட்டணமில்லாமல் தரும் மின்சாரத்தை 2023இல் தமிழக அரசு 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக உயர்த்தியது. தொழிற்சாலை ஆய்வாளர் பார்த்திராத கூடத்துக்கும் மின்வாரியத்தில் இணைப்பு எண் உண்டு. அந்தச் சலுகையில் ஒரு பங்கைப் பிரீமியமாகப் பிடித்து, இணைப்பு எண்ணின் பேரிலேயே காப்பீட்டை எழுதலாம். உரிமம் இல்லை, பதிவேடு இல்லை என்ற சாக்கு அங்கே எடுபடாது. சேகோ ஆலைகளுக்கு இந்தச் சலுகை இல்லாததால் வேறு வழி காண வேண்டும். அதை முதல் அமர்வே எடுத்துக்கொள்ளட்டும் என்று கேட்டு, மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.