கசப்பைத் தட்டில் வைக்கும் ராத்திரி



பண்பாட்டு அரசியல் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு சாப்பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். யூதர்களுடைய பெசாக் பண்டிகை. பைபிள் வாசித்தவர்கள் பஸ்கா என்பீர்கள்.

எகிப்தில் அடிமைகளாகக் கிடந்த சனம் வெளியேறிய கதைதான் பண்டிகை. வீட்டில், சாப்பாட்டு மேசையில் நடக்கிறது. முதல்நாள் ராத்திரியே மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு மூலைமுடுக்கெல்லாம் தேடி, புளித்த மாவுப் பண்டம் ஒரு துணுக்குக்கூட இல்லாமல் ஒழிக்கிறார்கள். தப்பி ஓடியவனுக்கு மாவு புளிக்க ஏது நேரம்? அதனால் புளிக்காத அப்பம். மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடத்துக்குள் சுட்டெடுக்க வேண்டும். தட்டில் கசப்புக் கீரை, அது அடிமைப் பிழைப்பு. தொட்டுத் தின்ன உப்புத் தண்ணீர், அது கண்ணீர். பழமும் பருப்பும் அரைத்த விழுது, அது கட்டட வேலைக்குக் குழைத்த சாந்து. நம்ம சனங்க பண்ணையில பட்டதை நாம எந்தத் தட்டில் வைத்தோம்?

என்னைப் பிடித்து உலுக்கியது வேறு. வீட்டின் கடைசிப் பிள்ளைதான் கேட்க வேண்டும், இந்த ராத்திரி மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு என்று. கேட்டபிறகுதான் கதை. பெரியவர்கள் 'அவங்க அடிமையா இருந்தாங்க' என்று சொல்லக் கூடாது. 'நாம' என்றுதான் சொல்ல வேண்டும். என் தாத்தா பண்ணையாள். சாணிப்பாலும் சவுக்கடியும் வாங்கியவர். 'உங்க தாத்தா என்ன வேலைப்பா பார்த்தாரு?' என்று என் மகள் கேட்டபோது 'விவசாயம்' என்றேன். பேங்க்கில் நாள் முழுக்கக் கணக்கு நேர் பார்க்கிறவன், வீட்டில் இந்தக் கணக்கை மறைத்தேன்.

இது வெறும் வீட்டுச் சடங்கும் இல்லை. 1969 ஏப்ரல் 4, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஓராண்டு. வாஷிங்டனில் ஒரு கருப்பர் தேவாலயத்தில் சுமார் 800 பேர், யூதர்களும் கருப்பர்களும் வெள்ளைக் கிறிஸ்தவர்களும், இந்த விருந்துக்கு ஒன்றாக உட்கார்ந்தார்கள். ஆர்தர் வாஸ்கோ பழைய சடங்கு நூலைத் திருத்தி, கருப்பர் போராட்டத்தையும் அதில் சேர்த்து எழுதியிருந்தார்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் அயோக்கியன். பசித்தவர் எவரானாலும் வரலாம் என்று அழைத்துத்தான் விருந்து தொடங்குகிறது. அதே பண்டிகையைக் கொண்டாடிய கொச்சி மட்டாஞ்சேரி பரதேசி யூதர்கள், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வாரிசுகளைத் தங்கள் ஜெபக்கூடத்தில் சமமாக உட்கார விடவில்லை. முன்கூடத்தில், தரையில்தான் இடம். அவர்களும் யூதர்கள்தான், அதே கதையைச் சொன்னவர்கள்தான். அந்த வாரிசுகளில் ஒருவரான வக்கீல் ஆபிரகாம் பராக் சேலம் உள்ளேயே சத்தியாகிரகம் நடத்தித்தான் அந்தச் சாதியை உடைக்க வேண்டியிருந்தது. கதை சொன்னால் மட்டும் சாதி போகாது போலிருக்கிறது.

இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். வெண்மணியில் 1968 டிசம்பர் 25 ராத்திரி 44 பேரை எரித்தார்கள். அந்த ராத்திரி மாலை போட்டுவிட்டு வருவதோடு நிறுத்தாமல் வீட்டில் உட்காருவோம். பிள்ளைகள் கேட்கட்டும். தட்டில் கசப்புக்கு எதை வைக்கலாம் என்று அம்மாவிடம் கேட்டேன். அந்தக் காலத்தைப் பற்றி வாயே திறக்காதவள், 'நண்டும் நத்தையும் தின்னு கெடந்தோம். அதை வை. கீரையை எவன் குடுத்தான்?' என்றாள்.