ஒரே நாளில் இரண்டு சம்பள ஆட்டம்

1975 செப்டம்பர் 15, திங்கட்கிழமை. இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில், டெர்பிஷயருக்கு எதிரான மூன்று நாள் கவுண்டி ஆட்டம். மாலையில் ஆட்ட நேரம் முடிந்தபோது லெஸ்டர்ஷயரின் கிறிஸ் பால்டர்ஸ்டோன் 51 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்றார். களைத்து உட்கார அவருக்கு நேரம் இல்லை. உடையை மாற்றிக்கொண்டு டான்காஸ்டருக்குப் பறந்தார். ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். அன்றிரவே டான்காஸ்டர் ரோவர்ஸ் சட்டையில், பிரென்ட்ஃபோர்டை எதிர்த்துக் கால்பந்து ஆடினார். ஆட்டம் 1-1.

மறுநாள் காலை மறுபடி செஸ்டர்ஃபீல்டு. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து 116 ரன் எடுத்தார். போதாதென்று தன் இடது கைச் சுழலில் 28 ரன் கொடுத்து மூன்று விக்கெட்டையும் சாய்த்தார். லெஸ்டர்ஷயர் வென்றது. கவுண்டி சாம்பியன்ஷிப் அந்த அணியின் கைக்கு வந்தது அந்த ஆண்டுதான் முதல் தடவை.

இதை யாரும் பந்தயம் கட்டிச் செய்த சாகசமாக நினைத்துவிட வேண்டாம், நேயர்களே. இரண்டுமே அவருக்குப் பிழைப்பு. அவர் ஆட வந்த காலத்தில் இங்கிலாந்துக் கால்பந்து வீரரின் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. 1961இல் அதை எடுக்கும்வரை, எவ்வளவு பெரிய ஆட்டக்காரரானாலும் வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் கிடையாது. குளிர்காலத்தில் கால்பந்து, கோடையில் கிரிக்கெட் என்று இரண்டு தொழிலையும் ஒருவர் சேர்த்துப் பார்ப்பது அந்தக் காலத்தில் அங்கே புதிதல்ல. ஆகஸ்டு, செப்டம்பரில்தான் இரண்டும் முட்டிக்கொள்ளும். அந்த முட்டலில் பிறந்ததுதான் மேற்சொன்ன திங்கட்கிழமை.

பால்டர்ஸ்டோன் 1940இல் யார்க்‌ஷயரின் ஹடர்ஸ்ஃபீல்டு பகுதியில் பிறந்தவர். ஹடர்ஸ்ஃபீல்டு டவுனில் கால்பந்து தொடங்கி, 1965இல் கார்லைல் யுனைடெட்டுக்குப் போனார். ஸ்காட்லாந்து எல்லையோரத்துச் சின்ன ஊர் அது. அந்த அணி 1974இல் முதல் டிவிஷனுக்கு ஏறியது. முதல் இரண்டு ஆட்டங்களில் செல்சீயையும் மிடில்ஸ்பரோவையும் சாய்த்தது. மூன்றாவதாக வந்தது டோட்டன்ஹாம். கார்லைலுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. பால்டர்ஸ்டோன் உதைத்தார், கோல். நடுவரோ மறுபடி உதைக்கச் சொன்னார். மறுபடியும் உதைத்தார், மறுபடியும் கோல்! அந்த ஒற்றைக் கோலில் கார்லைல் இங்கிலாந்தின் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பருவம் முடிந்தபோது அதே அணி கடைசியில் கிடந்தது என்பது வேறு கதை. செஸ்டர்ஃபீல்டு ஓட்டத்தைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அந்த இரண்டாவது உதைக்குத்தான் கூடுதல் நெஞ்சுரம் வேண்டும் என்பேன்.

கிரிக்கெட்டில் அவருக்கு வழி லேசில் திறக்கவில்லை. அறுபதுகளில் யார்க்‌ஷயர் கோப்பைகளை வாரிக் குவித்த அணி. அதில் நிலையான இடம் பிடிப்பது குதிரைக்கொம்பு. 1971இல் லெஸ்டர்ஷயருக்கு மாறினார். அங்கே கேப்டன் ரே இல்லிங்வொர்த், அவரும் யார்க்‌ஷயரை விட்டு வந்தவர். மறு ஆண்டே லார்ட்ஸில் முதல் பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் கோப்பை இறுதியாட்டம். எதிரணி யார்க்‌ஷயர்! பால்டர்ஸ்டோன் ஆட்டமிழக்காமல் 41 ரன் எடுத்து, கோப்பையையும் ஆட்டநாயகன் விருதையும் சேர்த்துத் தட்டிச் சென்றார்.

35 வயதில், 1976இல், டெஸ்ட் வாய்ப்பு வந்தது. எதிரே மேற்கிந்தியத் தீவுகள். ஆடியது இரண்டே டெஸ்ட். ஓவலில் மைக்கேல் ஹோல்டிங் 14 விக்கெட் அள்ளிய ஆட்டத்தில் இரண்டு இன்னிங்ஸிலும் அவர் பந்திலேயே ஸ்டம்பு பறிகொடுத்து, பூஜ்யத்தில் வெளியேறினார். ஆனாலும் கவுண்டி மைதானங்களில் இன்னும் பத்தாண்டு நிலைத்து, முதல்தர ஆட்டங்களில் 19,034 ரன்னும் 32 சதமும் சேர்த்தார்.

பிறகு வெள்ளைக் கோட்டு மாட்டி நடுவரானார். 2000ஆம் ஆண்டு மார்ச்சில், 59 வயதில், கார்லைலில் காலமானார்.