திங்கட்கிழமை காலையில் வீடு பாருங்கள்

பெங்களூரில் வேலை, ஓசூரில் வாடகை வீடு என்று கணக்குப் போடும் தம்பி தங்கைகளுக்கு இன்று ஒரு தகவல்.

வீட்டை ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அப்போது ஜூஜூவாடி தாண்டியதும் அத்திப்பள்ளி, கொஞ்ச நேரத்தில் எலக்ட்ரானிக் சிட்டி. மனசு குளிர்ந்து அட்வான்ஸ் கொடுத்துவிடுவோம். திங்கட்கிழமை காலையில் அதே ரோடு வேறு ரோடு!

மெட்ரோ இருக்கிறதே என்பீர்கள். 2025 ஆகஸ்டில் அது பொம்மசந்திரா வரைதான் வந்தது. ஓசூரிலிருந்து அங்கே போய்ச் சேரும்வரை பஸ்தான், பைக்தான். மத்திகிரிப் பக்கம் வாடகை குறைவாகக் கிடைத்தாலும், ஊருக்குள் புகுந்துதான் நெடுஞ்சாலை ஏற வேண்டும்.

மலிவாகப் பருப்பு வாங்கி, அது வேகாமல் கேஸ் தீர்ந்த கதைதான்.

கிலோமீட்டரைக் கேட்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன், ஒரு திங்கட்கிழமை காலை, அந்த வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் கேட் வரை ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.